இரண்டாம் மகளுக்குக் கொடுத்த வீடு

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு முகில் இல்லை. காற்றும் இல்லை. தென்னோலைகள் வெயிலில் அசையாமல் தொங்கின. களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில், வாவிக் கரையோரம், ஒரு தென்னந்தோட்டத்துக்குள் நாங்கள் எங்கள் கூடாரத்தை அடிக்கத் தொடங்கிய நேரம் அது. என் கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே. சண்டை ஊருக்குள் வந்ததும் எல்லோரும் போல நாங்களும் இக்கரைக்கு வந்துவிட்டோம். நானும் மனைவியும் இரண்டாவது மகளும். தோட்டத்தில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் எங்கள் பக்கத்து மரங்கள் கறுப்புக் கோடாகத் தெரியும். வெடிச்சத்தம் கேட்கும்போது எல்லோரும் அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்ப்போம். பிறகு செய்துகொண்டிருந்த வேலையைச் செய்வோம்.

நிவாரணமாகக் கொடுத்த கூடாரம் ஒரு நீளப் பையில் சுருட்டி வந்தது. தடித்த வெள்ளைக் கன்வஸ் துணி, மூன்று துண்டாகப் பொருத்தும் நடுக்கால், நான்கு மூலைக் கால்கள், கயிறுகள், இரும்பு முளைகள். எப்படி அடிப்பது என்று படம் போட்ட ஒரு தாளும் இருந்தது. படத்தில் இருபத்து நாலு முளை. பைக்குள் இருபத்தொன்று. நான் நெல் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். குறைந்த சாமானுக்கு நிறைந்த கையெழுத்து வைக்க என்னால் முடியாது. முகாமுக்குப் பொறுப்பாக நின்ற இளைஞரிடம் போனேன்.

“தம்பி, இதில மூண்டு முளை குறையுது.”

“ஐயா, இவடத்த எல்லாக் குடும்பத்துக்கும் குடுத்து முடிச்சாச்சி. ஒருத்தரும் எண்ணிப் பாக்கல்ல.”

“அப்ப அவங்களுக்கும் குறைஞ்சிதான் இருக்கும்.”

அவர் சிரித்துவிட்டார். “மூண்டு கம்ப வெட்டிச் சீவிப் போடுங்க ஐயா. கூடாரம் ஒண்டும் கேக்காது.”

சீவினேன். மூன்றையும் பின்பக்கத்தில், வாசலில் நின்றால் கண்ணில் படாத இடத்தில் அடித்தேன். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காலால் தட்டிப் பார்ப்பேன்.

கூடாரம் அடிக்க நாலு பேர் வேண்டும் என்று தாள் சொன்னது. நாங்கள் மூன்று பேர். மகள் துணிக்குள் புகுந்து நடுக்காலைப் பிடித்துக்கொண்டாள். மனைவி ஒரு மூலையிலும் நான் எதிர் மூலையிலும் கயிற்றை இழுத்தோம். நான் “இடப்பக்கம், இடப்பக்கம்” என்று கத்தினேன்.

“ஆருட இடப்பக்கம்?” என்றாள் மனைவி. “நீங்க அங்கால பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, நான் இஞ்சால பாத்துக்கிட்டு நிக்கிறன்.”

துணிக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. “ரெண்டு பேரும் சண்டைய கூடாரம் நிண்ட மறுகா புடிங்க. எனக்கு மூச்சு முட்டுது.”

முகாமில் எல்லாக் கூடாரங்களின் வாசல்களும் வாவிப் பக்கப் பாதையைப் பார்த்து, மேற்கே இருந்தன. நான் மட்டும் வாசலைக் கிழக்கே வைத்தேன். மனைவிக்கு வாசல் கிழக்கு என்பதால் சந்தோஷம். எனக்கு வேறு காரணம். இன்னும் மூன்று மாதத்தில் கச்சான் எழும்பும். அந்த மேல்காற்று வாவியைத் தாண்டி நேரே வந்து அடிக்கும்போது, திறந்த வாசல் என்றால் கூடாரம் ஊதிப் பறக்கும். பக்கத்துக் கூடாரத்துக்காரர் அடுத்த நாள் காலையில், “என்ன ஐயா, எங்களோட கோவமா? முதுகக் காட்டிக்கிட்டு இரிக்கிறீங்க” என்று கேட்டார். ஆனியில் அவரும் அவருக்குப் பக்கத்தவரும் கூடாரங்களைக் கழற்றித் திருப்பி அடித்தார்கள்.

மணலில் முளை நிற்காது. முதல் கிழமையில் இரண்டு முறை பிடுங்கிக்கொண்டது. பிறகு ஒரு நெல்லுச் சாக்கைத் துண்டு துண்டாக வெட்டித் தைத்து, மணல் நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்து, அவற்றில் மூலைக் கயிறுகளைக் கட்டினேன். சாக்கைப் பற்றி எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் கூடாரம் அசையவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு. மூத்தவளுக்கு நாங்கள் இருந்த வீட்டைக் கொடுத்தோம். அவள் புருஷனோடு வவுனியாப் பக்கம் போய்விட்டாள், வீடு பூட்டிக் கிடந்தது. ஆனாலும் அது அவளுடையது. இரண்டாவது மகளுக்காக அதே வளவில் கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நின்றது. கதவு நிலை வைத்தாயிற்று. கூரை இல்லை. அதற்குள் ஓட வேண்டி வந்துவிட்டது.

அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. களுவாஞ்சிக்குடியில் ஒரு ஆலையில் இயந்திரம் பார்க்கும் பையனைப் பேசி முடித்திருந்தோம். இருவருக்கும் பிடித்துத்தான் பேசினோம். ஆனி மாதத்தில் கலியாணம் என்று நாளும் குறித்தாயிற்று. ஆடி பிறந்தால் அந்த வருடத்தில் மறுபடி எப்போது நல்ல நாள் வருமோ, அதற்குள் யார் எங்கே இருப்போமோ தெரியாது. பையனின் தாய்க்கும் ஒரு வீடு இருந்தது. கல்வீடு, ஓட்டுக் கூரை. ஆனால் அது பையனின் தங்கைக்கு என்று சொல்லி வைத்தது. ஆகவே இவர்கள் அங்கே போய் இருக்கவும் முடியாது. நாங்கள் வீடு காட்டாவிட்டால் கலியாணம் இல்லை. இதுதான் எனக்கு அந்த மூன்று மாதமும் நெஞ்சில் கிடந்த கல்.

அந்தக் கல்லை மறக்க நான் கூடாரத்தைப் பார்த்தேன். காலையில் பக்கத் துணிகளைச் சுருட்டிக் கட்டி உள்ளே வெயில் விடுவேன். ஈரம் அடைபட்டால் கன்வஸில் கறுப்புப் புள்ளி விழும். ஒரு முறை விழுந்தால் போகாது. உள்ளே மிதித்து வந்த மணலைத் தினமும் கூட்டித் தள்ளுவோம். மணல் துணியை அரிக்கும். பின்னேரத்தில் கயிறுகளைக் கொஞ்சம் இளக்குவேன். பனியிலும் மழையிலும் பருத்திக் கயிறு சுருங்கும். இறுக்கிக் கட்டியபடி விட்டால் அது முளையைப் பிடுங்கும், அல்லது துணியைக் கிழிக்கும். தையல்களில் மெழுகுதிரியைத் தேய்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் வைத்தேன்: மழை பெய்யும்போது துணியை உள்ளிருந்து யாரும் தொடக் கூடாது. நனைந்த கன்வஸ் தானாக ஒழுகாது. ஆனால் ஒரு விரல் பட்டால் போதும், பட்ட இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். மழை விடும் வரை சொட்டும்.

மனைவி இந்தச் சட்டத்தை வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். “எங்கட வீட்டுல சுவரத் தொட்டாக் குத்தம்.”

சித்திரையில் ஒரு இடிமழை நாளில் பையனின் தாய் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நனையாமல் உள்ளே வந்து பாயில் இருந்து, நாலு பக்கமும் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தி, தன் தலைக்கு மேலே சாய்ந்திருந்த துணியை விரலால் அழுத்தினார்.

“இது துணிதானே, அண்ணன்?”

“கையை எடுங்க” என்று கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். எடுத்த இடத்தில் ஒரு துளி திரண்டு அவர் நெற்றியில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவர் நகர்ந்து உட்கார்ந்தார். மகள் எழுந்து ஒரு சட்டியைக் கொண்டுவந்து அவர் இருந்த இடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் அந்தச் சட்டியின் சத்தத்துக்கு நடுவில்தான்.

“நான் குறையா நினைச்சிச் சொல்லல்லகா மச்சாள்” என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். “வீட்டக் கட்டி முடிங்க. நாம பாப்பம். ஒரு வருசம் போனா என்ன? என்ட சொந்தக்காரர் வந்து, ஒங்கட மகன் எங்க இரிக்கான் எண்டு கேட்டா, நான் என்னண்டு சொல்லுற? முகாமுக்குள்ள மாப்பிள்ளையாப் போயிரிக்கான் எண்டா?”

“வீட்டுக்குப் போக ஏலாமத்தானே இஞ்ச இரிக்கம், மச்சாள்” என்றாள் மனைவி.

“அதுதான் நானும் சொல்லுறன். போனதுக்குப் பிறகு செய்வம்.”

ஒரு வருடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கூரையோடு வீடு வைத்திருக்கும் வேறு பெண்வீட்டார் அந்த ஊரில் குறைவில்லை. மழை விட்டது. அவர் போனார். வாழைப்பழத்தை யாரும் தொடவில்லை. துணி காய்ந்ததும் நான் ஒரு பெட்டியை ஏணி போல் வைத்து ஏறி, அந்த விரல் பட்ட இடத்துக்கு வெளியிலிருந்து மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் கீழே நின்று பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அக்காக்குக் கலியாணம் முடிஞ்ச அண்டு நீங்க என்ன செஞ்சீங்க?”

“என்ன செஞ்ச? வீட்டக் குடுத்துப்போட்டு நானும் அம்மாவும் பின்னால கொட்டிலுக்குப் போனம்.”

“அப்ப எனக்கும் அப்பிடிச் செய்ங்க.”

“எந்த வீட்டக் குடுக்கிற, புள்ள?”

“நீங்க மெழுகு பூசிக்கிட்டு நிக்கிற வீட்ட.”

நான் தேய்ப்பதை நிறுத்தினேன். இது நம்முடையது அல்ல, கொடுத்தவர்கள் ஒரு நாள் திருப்பிக் கேட்கலாம், துணிக்கு ஆயுள் ஒரு வருடம் என்று தாளில் போட்டிருக்கிறது, நாங்கள் இருவரும் எங்கே போவது, இரவில் காற்று எழும்பினால் கயிற்றை யார் இளக்குவது என்று அடுக்கிச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

“அம்மாவுக்கும் ஒங்களுக்கும் பின்னால ஒரு கொட்டில் போடுவம். மத்ததெல்லாம் கலியாணம் முடிஞ்ச பிறகு யோசிப்பம்” என்றாள். “பெட்டிய விட்டு இறங்குங்க. எனக்குக் கை உளையுது.”

மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்காமல், “கேட்டுப் பாப்பம்” என்றாள். பையனுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து, கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “எனக்குச் சம்மதம் மாமா. அம்மாவோட நீங்கதான் பேசோணும்” என்றார். சுற்றி வரும்போது இரண்டு கயிற்றில் கால் தடக்கினார். அதை நான் கவனித்தேன்.

அவருடைய தாயாரிடம் நானும் மனைவியும் போனோம். போகும் வழியில் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, வெயிலில் நடந்து, அவர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். மனைவிதான் பேசினாள்.

“மச்சாள், வீடு இல்லையெண்டு நீங்க சொல்லத் தேவையில்ல. நாங்க வீடு குடுக்கிறம். இருக்கிற வீட்டக் குடுத்துப்போட்டு வெளியால போறம். எங்கட மூத்தவளுக்கும் அப்பிடித்தான் செஞ்ச. நீங்களும் ஒங்கட மகளுக்கு அப்பிடித்தானே செய்யப் போறீங்க?”

அவர் வெற்றிலைத் தட்டை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தினார். அவரும் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கப் போகிறவர்தான். கொடுத்துவிட்டு வெளியே போவது என்றால் என்ன என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“வெளியால போய் நீங்க எங்ககா இருப்பீங்க?”

“பின்னால கிடுகு கட்டி ஒரு பத்தி இறக்குறம்.”

“அண்ணன் அதுக்குள்ள இருப்பாரா?”

“இருக்க வைப்பன்” என்றாள் மனைவி.

கடைசியில் அவர் சொன்னார்: “சரி. வீடு குடுத்தாங்களா எண்டு கேட்டா, குடுத்தாங்க எண்டு நான் சொல்லலாம். என்ன வீடு எண்டு கேட்டா, அது கேக்கிற ஆக்கள்ட வேல. ஆனா ஒண்டு. வீடெண்டாப் பால் காய்ச்சோணும். வெளியால இல்ல. உள்ளுக்க.”

கூடாரத்தோடு வந்த தாளில் பெரிதாக, நெருப்புப் படத்துக்கு மேல் சிவப்புக் கோடு கிழித்துப் போட்டிருந்தது. அதைப் படிக்கப் படிப்பு வேண்டியதில்லை. மெழுகு பூசிய துணி வேறு. நாங்கள் அதுவரை ஒரு மெழுகுதிரியைக்கூட உள்ளே கொளுத்தியதில்லை. சமையலெல்லாம் வெளியே தென்னை மரத்தடியில். வாசலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் காய்ச்சலாமா என்று கேட்டேன்.

“ஒங்கட மூத்தவள்ட வீட்டுக்கு வெளி முத்தத்துலயா காய்ச்சின நீங்க, அண்ணன்?” என்று கேட்டார்.

உள்ளேதான் காய்ச்சியிருந்தோம்.

பால் காய்ச்சக் கலியாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். கச்சான் எழும்பிவிட்ட காலம். அது காலையில் பத்து மணிக்குப் பிறகுதான் கிளம்பும், பின்னேரம் வரை அடிக்கும். ஆகவே விடிந்ததும் காய்ச்சுவது என்று நான் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் என் பேச்சு எடுபட்டது. முதல் நாளே நான்கு பக்கத் துணிகளையும் இடுப்புக்கு மேலே சுருட்டிக் கட்டினேன். நடுக்காலுக்கும் கிழக்கு வாசலுக்கும் நடுவில் மணலைத் தோண்டி, தாழ்வான குழிக்குள் மூன்று செங்கல்லை வைத்தேன். நெருப்பு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தென்னம்பாளை பொறி பறக்கும் என்று வேண்டாமென்றேன். நன்றாகக் காய்ந்த தேங்காய்ச் சிரட்டையை மட்டும் வைத்தோம். ஆறு வாளி தண்ணீர் நிரப்பிச் சுற்றி வைத்தேன்.

பையனின் தாய் வந்து வாளிகளைப் பார்த்தார். “பால் காய்ச்சப் போறமா, குளிக்கப் போறமா?”

“சும்மா இரிக்கட்டும்” என்றேன்.

“இவருக்குப் பயம் கூட” என்றாள் மனைவி.

மகள் குளித்து, ஈரத் தலையோடு வந்து குந்தினாள். புதுப் பானை. ஒரு போத்தல் பசுப்பால். சிரட்டை பிடித்தது. நான் வாளியின் கைப்பிடியை விடவில்லை. எல்லோரும் பானையைப் பார்த்தார்கள். நான் துணியைப் பார்த்தேன். வெப்பம் ஏற ஏற நடுக்காலைச் சுற்றியிருந்த துணி மெதுவாகப் புடைத்து, மூச்சு விடுவது போல் ஏறி இறங்கியது. வாவிப் பக்கமிருந்து மெல்லிய காற்று ஒன்று நேரத்துக்கு முந்தி வந்து, ஒரு தீ நாக்கைச் சரித்தது. நான் வாளியைத் தூக்கிவிட்டேன்.

“அப்பா, வைங்க கீழ” என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே.

வைத்தேன். பால் நுரைத்துக் கிளம்பி, விளிம்பில் ஒரு கணம் நின்று, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பாதிப் பால் குழிக்குள் இறங்கியது. சிரட்டை சீறி, புகைந்து, தானாகவே அணைந்துவிட்டது. பையனின் தாய் குரவை போட்டார். பக்கத்துக் கூடாரங்களிலிருந்தும் குரவை வந்தது. அவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. துணியில் ஒரு ஓட்டையும் விழவில்லை. பிறகு நான் ஒரு பக்கமும் விடாமல் தடவிப் பார்த்தேன்.

“கிழக்கால பொங்கிட்டு” என்று சொல்லி அவர் என் மகளின் கன்னத்தைத் தொட்டார். பிறகு என்னிடம், “அந்தத் தண்ணிய இந்தத் தென்னம்புள்ளைக்கு ஊத்துங்க, அண்ணன். வீணாக்காதீங்க” என்றார்.

அடுத்த கிழமை பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினார்கள். முகாமிலிருந்து நடந்து போய் நடந்து வந்தோம். மாப்பிள்ளை ஒரு சூட்கேசும் ஒரு மின்விசிறியும் கொண்டு வந்தார். முகாமில் மின்சாரம் இல்லை. விசிறியை மகள் ஒரு துணியால் மூடி மூலையில் வைத்தாள். நானும் மனைவியும் பின்னால், ஐந்து பாகம், முப்பது அடி போல, தள்ளி, பின்னிய தென்னோலைக் கிடுகால் சாய்த்து இறக்கிய பத்திக்குள் எங்கள் பாயைக் கொண்டு போனோம்.

மறுநாள் மத்தியானம் கச்சான் நன்றாகப் பிடித்தது. வாவி வெள்ளை வெள்ளையாக நுரைத்தது. மணல் பறந்து கிடுகில் சடசடவென்று அடித்தது. என் வீடு, அதாவது என்னுடைய வீடாக இருந்தது, கயிறுகளில் விம்மிக்கொண்டு நின்றது. மேற்குப் பக்கக் கயிறுகள் அளவுக்கு மேல் இறுகியிருந்ததை இருந்த இடத்திலிருந்தே கண்டேன். எழும்பினேன்.

“எங்க போறீங்க?” என்றாள் மனைவி.

“அந்தக் கயித்த ஒருக்கா...”

“அது இப்ப அவள்ட வீடு. கூப்பிட்டாப் போங்க.”

“விழுந்த பிறகா கூப்பிடுவாங்க?”

“இரிங்க.”

இருந்தேன். மாப்பிள்ளை வெளியே வந்தார். கூடாரத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு முளையைக் காலால் மிதித்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைக் கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று பார்த்தேன். அப்போது மகள் வாசலால் வந்தாள். கலியாணத்துப் புதுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேற்குப் பக்கத்து முதல் கயிற்றில் குந்தி, முடிச்சை இளக்கி, இரண்டு விரல் நீளம் விட்டு, மறுபடி முடிந்தாள். அடுத்ததற்குப் போனாள். “இஞ்ச பாருங்க, இப்பிடிப் புடிங்க” என்று புருஷனுக்குக் காட்டினாள். அவர் அடுத்ததைச் செய்தார். தவறாகச் செய்தார். அவள் அவிழ்த்துத் திரும்பச் செய்வித்தாள். நான் சீவிப் போட்ட மூன்று மரமுளைகளையும் அவள் விடவில்லை. ஒவ்வொன்றையும் காலால் தட்டிப் பார்த்தாள். கூடாரம் தாழ்ந்து, காற்றோடு பேசி முடித்தது போல அடங்கி நின்றது.

மாப்பிள்ளை எங்கள் பக்கம் திரும்பி, “மாமா, சரிதானே?” என்றார்.

“சரி” என்றேன். ஒரு கயிறு இன்னும் கொஞ்சம் இளகலாம். அதை நான் சொல்லவில்லை.

படுவான்கரை வீட்டுக்கு மூன்று வருடம் கழித்து அவர்களே கூரை போட்டார்கள். அந்தச் செலவு அவர்களுடையது. என் இரண்டாவது மகளுக்கு நான் கொடுத்த வீடு இந்தக் கூடாரம். ஊசி நூலும் மெழுகுதிரியும், புதுப் பானையும் பாலும், நாங்கள் ஒதுங்க வாங்கிய கிடுகும் கம்பும் கயிறும் சேர்த்து எனக்குச் செலவானது ஆயிரத்து நூற்று எழுபது ரூபாய் ஐம்பது சதம்.